மதகின் கணக்கு

நான் குடியிருப்பது கப்பல்துறையில். படிப்பிப்பது திருகோணமலை மாவட்டத்தின் வேறொரு ஊரில். அந்த ஊரில் மாரி தொடங்கிவிட்டால் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவார்கள். பிரதான வீதியிலிருந்து பிரிந்து செல்லும் கிறவல் பாதையில் ஒரு தாழ்ந்த இடம் இருக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் பாதையைக் குறுக்கறுத்து ஓடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளை வாப்பாமார் தோளில் தூக்கிக் கடத்திவிடுவார்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அன்று வராது. வரவுப் பதிவேட்டைப் பார்த்தே எந்தெந்த நாள் மழை பெய்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த இடத்தில் மதகு கட்டப்போகிறார்கள் என்று 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கதை வந்தது. அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் முளை அடித்துவிட்டுப் போனார்கள். முளை உக்கிப்போனது. மதகு வரவில்லை.

பிறகு தேநீர்க் கடையில் அதே பேச்சுத்தான். “காசு வந்ததாம் சேர், வேலைதான் நடக்கல்ல. அப்ப காசு எங்க போயிருக்கும்?” கேட்பவரும் சிரிப்பார், கேட்டுக்கொண்டிருப்பவர்களும் சிரிப்பார்கள். சிரிப்பின் விரல் அந்த வட்டாரத்தின் உறுப்பினராக இருந்தவரைக் காட்டும். அவரை நான் நானா என்றுதான் அழைப்பேன். பதவிக்காலம் முடிந்த பிறகு ஜும்ஆவுக்கு வந்தால், முன்பு ஓடிப்போய் ஸலாம் சொன்னவர்களில் சிலர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். நான் வாய் திறந்து அவரைப்பற்றி எதுவும் சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் நம்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கணக்குகள் நன்றாகத் தெரியும். சீனக்குடாவில் இருக்கும் 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றிக் கேளுங்கள். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இந்தியக் கம்பனிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61 என்று தேநீர் ஆறுமுன் ஒப்புவிக்கும் ஆட்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். ஆனால் வீட்டு வாசலால் போகும் வடிகானுக்கு இந்த வருடம் சபை எவ்வளவு ஒதுக்கியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தை ஊகம் வந்து நிரப்பிவிடுகிறது. சபையின் கணக்கு எப்படி ஓடுகிறது, அதைப் பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது, பார்த்தபோது நான் என்ன கண்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சபையின் காசு யாருடைய காசு?

நமது நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகை. மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இவற்றை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் வேலை. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றும் பிரதேச சபையின் அடிப்படைப் பொறுப்புகள். குப்பை, வடிகான், தெருவிளக்கு, சந்தை, மையவாடிக்குப் போகும் பாதை என்று நமது அன்றாட வாழ்வில் சபை தொடாத பக்கம் குறைவு.

இதற்கான காசு பல வழிகளில் வருகிறது. நாம் கட்டும் சோலை வரி ஒன்று. கடைகளின் வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையில் ஒரு பகுதி, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியனவும் சேரும். அரசாங்கமும் மாகாணமும் தரும் மானியங்கள் இன்னொரு பக்கம். “எனக்குச் சோலை வரியே இல்ல, எனக்கென்ன?” என்று சிலர் சொல்வார்கள். கடைக்காரர் கட்டும் அனுமதிக் கட்டணம் நாம் வாங்கும் பாண் விலைக்குள்ளும் இருக்கிறது. ஆகவே சபையின் கணக்கில் பங்கில்லாதவர் ஊரில் இல்லை.

இந்தக் காசு ஒரு மதகாக மாறுவதற்கு ஆறு கடதாசிகளைக் கடக்க வேண்டும். முதலாவது பாதீடு. அடுத்த ஆண்டில் எவ்வளவு வரும், எதற்கு எவ்வளவு என்று தவிசாளர் தயாரித்து சபை நிறைவேற்றுவது. இரண்டாவது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து எழுதும் மதிப்பீடு. எத்தனை சீமெந்துப் பை, எத்தனை கியூப் கல் என்று அதில் இருக்கும். மூன்றாவது, விலைமனுக் கோரல். நான்காவது, வேலையை எடுப்பவரோடு செய்யும் ஒப்பந்தம். அது ஒரு கொந்தராத்துக்காரராக இருக்கலாம், கிராம அபிவிருத்திச் சங்கமாகவும் இருக்கலாம். ஐந்தாவது, வேலை முடிந்ததும் அளந்து எழுதும் குறிப்பு. ஆறாவது, கொடுப்பனவுப் பற்றுச்சீட்டு. எந்த வேலை நின்றாலும் இந்த ஆறில் ஏதோ ஒரு கடதாசியில்தான் நின்றிருக்கும். ஊரார் பார்ப்பதோ தேர்தல் மேடையில் கேட்ட வாக்குறுதியையும் வெறுமையாகக் கிடக்கும் இடத்தையும் மட்டும். நடுவில் இருப்பது நமக்குத் தெரிவதில்லை.

பார்க்க வேண்டியவர்கள் இல்லாத காலம்

சபையைப் பார்ப்பதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். மாகாண உள்ளூராட்சித் திணைக்களம் விசாரிக்கலாம். கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றத்தின் கணக்கையும் பரிசோதிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அந்த அறிக்கைகளைத் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் எவரும் வாசிக்கலாம். ஆனால் கணக்காய்வு அறிக்கை வருவது ஆண்டு கழிந்த பிறகு. அதற்குள் மழை வந்து போயிருக்கும்.

எங்கள் மாகாணத்தில் இன்னொரு குறையும் சேர்ந்தது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். 2017 செப்டம்பரில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து மாகாணத்தை நடத்துவது ஆளுநர். உள்ளூராட்சித் தேர்தல் 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்தது. அடுத்தது 2023 மார்ச் 9ஆந் திகதி நடக்க வேண்டியது. வேட்புமனுக் கொடுத்து முடிந்த பிறகு, திறைசேரியில் காசில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். அதே மார்ச்சில் சபைகளின் காலமும் முடிந்தது. பிரதேச சபைகளும் நகர சபைகளும் செயலாளர்களின் கையில் போயின. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஒகஸ்ட் 22ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆந் திகதி. புதிய சபைகள் கூடியது ஜூன் மாதத்தில்.

கணக்குப் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் பகுதியில் மாகாண சபை உறுப்பினரும் இல்லை, பிரதேச சபை உறுப்பினரும் இல்லை. வரி மட்டும் வழமைபோல் அறவிடப்பட்டது. செயலாளர்கள் எல்லோரையும் குறை சொல்வதற்கில்லை. பலர் உள்ள காசில் உள்ளதைச் செய்தார்கள். ஆனால் கேள்வி கேட்பதற்கு சபை மண்டபத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் எஞ்சியிருந்தது சாதாரணக் குடிமகனின் கேள்வி ஒன்றுதான்.

கேட்பது நமக்குப் புதிதா?

தமிழ் படித்தவர்களுக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் தெரிந்திருக்கும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, வாரிய உறுப்பினர்களைத் தெரிந்த முறையை அவை சொல்கின்றன. குடவோலை முறை என்று பாடப் புத்தகத்தில் படிப்பிக்கும்போது ஓலையோடு நிறுத்திவிடுகிறோம். அந்தக் கல்வெட்டில் என் கண்ணைப் பிடித்தது வேறு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி தெரிவாக முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. அது பிராமணர்களின் ஊர்ச் சபை, காணி உள்ளவர்களுக்கே இடம், மற்றவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் 1,100 வருடத்துக்கு முன், கணக்குக் காட்டாமை என்பதைக் கல்லில் வெட்டுமளவுக்குப் பெரிய குற்றமாக ஓர் ஊர் கருதியிருக்கிறது.

நமது பயான்களில் அடிக்கடி கேட்கும் சம்பவம் ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரு துண்டுத் துணி பங்கிடப்பட்டிருக்க, கலீபா உமர் (ரழி) அவர்களின் உடம்பில் இரண்டு துண்டு இருந்ததைக் கண்ட ஒருவர், இதற்குப் பதில் சொல்லாமல் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டோம் என்று சபையிலே சொன்னதாக வரும் சம்பவம். மகன் அப்துல்லாஹ் எழுந்து, என் பங்கைத்தான் வாப்பாவுக்குக் கொடுத்தேன் என்று சாட்சி சொன்னார். இதை நாம் உமரின் நீதிக்கு உதாரணமாகச் சொல்கிறோம். சரிதான். ஆனால் கேட்டவரையும் பார்க்க வேண்டும். அவர் பின்னால் நின்று முணுமுணுக்கவில்லை, முகத்துக்கு நேரே கேட்டார். விடை கிடைத்ததும் உட்கார்ந்து கேட்கத் தயாரானார். நாமோ முணுமுணுப்பைக் கடையில் வைத்துக்கொண்டு, சபையில் மௌனமாக இருக்கிறோம்.

பள்ளிவாசல் விடயத்தில் நாம் இப்படி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மாதக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் நின்று வாசிக்கிறோம். மின்சாரப் பட்டியல் கூடியிருந்தால் நம்பிக்கையாளர் சபையிடம் கேட்கிறோம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர்களுக்குக் கணக்குக் காட்டும் கடமையை வைத்திருக்கிறது. ஊர்ப் பணம் அமானிதம் என்பது நமக்குப் பள்ளிவாசலில் தெரிகிறது. அதே பணம் சபைக் கந்தோருக்குப் போனால் மறந்துபோகிறது.

சட்டம் தரும் திறப்பு

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்திய வருடம், 2015இல், 19ஆவது திருத்தம் இந்த உரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. உள்ளூராட்சி மன்றங்களும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். அது சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

எந்தப் பிரஜையும் கேட்கலாம். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமும் கேட்கலாம். எனவே பள்ளிவாசல் நிர்வாகமும் மாதர் சங்கமும் விளையாட்டுக் கழகமும் தங்கள் பெயரில் கேட்க முடியும். ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் அவர்தான் அதை எழுத்தில் எடுக்க வேண்டும். கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை.

14 வேலை நாட்களுக்குள் தருவதா, மறுப்பதா என்ற தீர்மானம் வர வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். கேட்டது பெருந்தொகையாக இருந்தால் இன்னும் 21 நாள் நீடிக்கலாம். ஓர் ஆளின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதானால் 48 மணித்தியாலம்தான். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு 3 வாரம். அங்கேயும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

மறுக்கக்கூடிய தகவல்களும் உண்டு. ஒருவருடைய தனிப்பட்ட விபரம், தேசியப் பாதுகாப்பு போன்றவை. ஆனால் பொதுநலன் கூடுதலாக இருந்தால் அவற்றையும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்கப்பட்ட ஆவணத்தை வேண்டுமென்றே அழிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

இப்படியான சட்டங்கள் படித்தவர்களின் மேசையில் மட்டும் பிறந்தவையல்ல. இந்தியாவின் ராஜஸ்தானில், வரட்சி நிவாரண வேலை செய்த கூலியாட்கள் தங்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். வேலை குறைவாகச் செய்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அவர்களின் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதலாவது பொது விசாரணையை நடத்தியது. கிடைத்த கணக்குகளை ஊரார் முன்னிலையில் உரத்து வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்களுக்குக் கூலி எழுதியிருந்ததை ஊராரே கண்டுபிடித்தார்கள். அந்தக் கோரிக்கை வளர்ந்துதான் 2005இல் இந்தியா முழுவதற்குமான சட்டமாயிற்று. அவர்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தங்கள் ஊரில் யார் வேலை செய்தார், யார் செய்யவில்லை என்பது தெரியும். கணக்குப் பார்க்க அது போதுமாக இருந்தது.

நான் கேட்ட விண்ணப்பம்

2024இன் தொடக்கத்தில், சபையில் உறுப்பினர்கள் இல்லாத அந்தக் காலத்தில், நான் விண்ணப்பம் எழுதினேன். உண்மையைச் சொன்னால் பயமாகத்தான் இருந்தது. நான் அரசாங்க ஆசிரியன். “தேவையில்லாத வேலை பாக்காதீங்க, தூர இடத்துக்கு மாத்திப்போடுவாங்க” என்று வீட்டில் சொன்னார்கள்.

முதலில் நான் எழுதியது பிழையான கேள்வி. ‘மதகு ஏன் கட்டப்படவில்லை?’ என்று எழுதியிருந்தேன். அனுபவமுள்ள நண்பர் ஒருவர் அதைக் கிழிக்கச் சொன்னார். “சேர், சட்டம் உங்களுக்குத் தாறது ஆவணம். விளக்கம் கேட்டா ரெண்டு வரியில ஏதாவது எழுதி அனுப்புவாங்க. கடதாசியக் கேளுங்க.” அவர் சொன்னபடி மாற்றி எழுதினேன். இன்ன இடத்து மதகுக்கு 2022 பாதீட்டில் ஒதுக்கிய தொகையைக் காட்டும் பக்கத்தின் பிரதி. அதற்கான மதிப்பீட்டின் பிரதி. விலைமனுக் கோரியிருந்தால் அந்த அறிவித்தலும், வந்த விலைமனுக்களின் தொகைப் பட்டியலும். அந்த ஒதுக்கீடு பற்றி சபைக் கூட்டங்களில் எடுத்த தீர்மானங்களின் கூட்ட அறிக்கைப் பிரதி. நான்கே நான்கு.

கந்தோரில் கொடுத்தபோது, “என்னத்துக்கு சேர் இது? ஆராவது கேட்கச் சொன்னாங்களா?” என்றுதான் முதல் கேள்வி. காரணம் சொல்லத் தேவையில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அத்தாட்சிக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தேன். 14 வேலை நாள் கடந்தது. பதில் இல்லை. மேன்முறையீடு செய்தேன். மூன்றாவது வாரம் ஒரு தடித்த உறை வந்தது.

பாதீட்டில் மதகின் பெயர் இருந்தது. ஆகவே கடைப் பேச்சில் பாதி உண்மை. ஆனால் காசு வந்தது என்பது உண்மையல்ல. ஒதுக்கீடு வேறு, காசு வேறு என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஒதுக்கீடு என்பது வருமென்று எதிர்பார்க்கும் வருமானத்தை வைத்து எழுதும் ஒரு வரி. வருமானம் வராவிட்டால் அது வரியாகவே கிடக்கும். அடுத்த கடதாசியில் மதிப்பீடு இருந்தது. மூன்றாவதில் இரண்டு முறை விலைமனுக் கோரியிருந்தார்கள். முதல் முறை ஒருவரும் வரவில்லை. இரண்டாம் முறை ஒருவர் வந்தார். அவர் கேட்ட தொகை மதிப்பீட்டைவிட எவ்வளவோ கூட. 2022இல் சீமெந்தும் கம்பியும் விற்ற விலை நமக்கு மறந்திருக்காது. டீசலுக்கு வரிசையில் நின்றதும் மறந்திருக்காது. பழைய விலைக்கு எழுதிய மதிப்பீட்டில் வேலை செய்ய யார் வருவார்?

நான்காவது கடதாசி கூட்ட அறிக்கை. அந்த ஒதுக்கீட்டைக் குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தின் திருத்த வேலைக்கு மாற்றுவதென்று சபை தீர்மானித்திருந்தது. அதன் கீழே இரண்டு வரி. மதகின் காசை மாற்றக்கூடாது, மாரிக்குப் பிள்ளைகள் கஷ்டப்படுவார்கள் என்று ஓர் உறுப்பினர் எதிர்த்துப் பேசினார். அவருடைய எதிர்ப்பு அறிக்கையில் பதியப்பட்டது. அந்த உறுப்பினர், நாங்கள் ஸலாம் சொல்ல மறந்த அதே நானா.

அன்று மாலை அந்தப் பிரதிகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இத நான் நாலு பேருக்குச் சொன்னன் சேர். ஆர் நம்புற? வாய்ப்பேச்சு எண்டுட்டாங்க” என்றார். இன்னும் சற்று நேரம் கழித்து, “எனக்கும் பிழ இருக்கி. மெம்பரா இருந்தக்குள்ள ஒவ்வொரு வருசமும் பட்ஜட்டப் பள்ளிக்கிட்ட ஒட்டியிருந்தா இந்தக் கத வந்திரிக்காது” என்றார். என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

வெளிப்படைத்தன்மை யாரைக் காக்கிறது?

கள்வனைப் பிடிப்பதற்குத்தான் வெளிப்படைத்தன்மை என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். கணக்குத் தெரியாத ஊரில் களவெடுத்தவருக்கு வசதி. எல்லோரையும் கள்வர் என்று ஊர் சொல்லும்போது அவர் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடுவார். களவெடுக்காதவருக்குத்தான் தண்டனை. அவர் அடுத்த முறை தேர்தலுக்கு வரமாட்டார். யாருடைய பேச்சுக்கும் கூசாதவர்தான் வருவார். இப்படித்தான் ஓர் ஊர் தன் நல்லவர்களைத் தானே துரத்திவிடுகிறது. ஒருவரிடம் இல்லாத குற்றத்தை அவர்மேல் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று நமக்குப் படிப்பித்துத்தான் இருக்கிறார்கள். ஊர்க் கணக்கைப் பார்க்காமல் ஊர்க் கணக்கைப் பேசுவதும் அதில் அடங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இதனால் எல்லாச் சபைகளும் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. என் கையில் வந்த கடதாசிகளே ஒரு குறையைக் காட்டுகின்றன. பிள்ளைகளின் பாதைக்கென்று எழுதியதை வேறொன்றுக்கு மாற்றியபோது, அதை அந்த ஊருக்கு ஒரு துண்டு அறிவித்தலாலாவது சொல்லவில்லை. உழவு இயந்திரத் திருத்தத்துக்கு உண்மையில் எவ்வளவு போனது என்பதற்கு வேறு விண்ணப்பம் வேண்டும். அதையும் கேட்டிருக்கிறேன். கேட்பதில் இப்போது எனக்குப் பயமும் இல்லை, கோபமும் இல்லை. அந்தக் கந்தோர் ஊழியரும் இப்போது “இருங்க சேர்” என்று கதிரை காட்டுகிறார். அவருக்கும் விளங்கிவிட்டது, இது அவர்மேல் போடும் வழக்கு அல்ல என்று.

இப்போது கேட்க வேண்டியது

உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே அடுத்த ஆண்டுக்கான பாதீடு அதற்கு முன்பே தயாராகிவிடும். வேலை நடக்காமல் போன பிறகு கேட்பதைவிட, எழுதும்போதே கேட்பது இலேசு. ஒவ்வொரு ஊரிலும் நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். தங்கள் வட்டாரத்துக்கு மிக அவசியமான இரண்டு வேலைகளை எழுதி, உறுப்பினரிடமும் தவிசாளரிடமும் இப்போதே கொடுக்கலாம். பாதீடு நிறைவேறியதும் தங்கள் வட்டாரத்துக்குரிய பக்கங்களின் பிரதியை வாங்கலாம். அதைப் பள்ளிவாசல், கோயில், வாசிகசாலை அறிவித்தல் பலகைகளில் ஒட்டலாம். ஜூன் மாதத்தில் ஒரு முறை, எது விலைமனுவில் நிற்கிறது, எது அளவீட்டில் நிற்கிறது என்று கேட்கலாம். ஒதுக்கீட்டை மாற்றியிருந்தால் எந்தக் கூட்டத்தில், யார் ஆதரித்து, யார் எதிர்த்து என்று கேட்கலாம். இதற்குப் படிப்பு அதிகம் தேவையில்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சியும் இல்லை. என் மாணவர்களுக்கு இந்த வருடம் விண்ணப்பக் கடிதம் எழுதப் படிப்பித்தபோது, கற்பனைத் தலைப்புக் கொடுக்காமல் இதைத்தான் கொடுத்தேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகள் எழுதினார்கள். அதில் ஒரு பிள்ளையின் கடிதம் அந்தத் தாழ்ந்த இடத்தைப் பற்றியது. மதகுக்குப் புதிய விலையில் புதிய மதிப்பீடு எழுதப்பட்டிருக்கிறதா, எழுதப்பட்டிருந்தால் அதன் பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தது. எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தி, ஊர்ச் சங்கத்தின் பெயரில் சபைக்குக் கொடுத்துவிட்டோம். அத்தாட்சிக் கடிதம் வந்திருக்கிறது. நானா அதன் பிரதி ஒன்றைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார். மாரிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இந்த வருடமும் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் ஏன் தூக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், எந்தக் கடதாசியைக் கேட்க வேண்டும் என்றும் தெரியும்.